குடிபோதையில் செய்த குற்றத்துக்குச் சட்டத்தில் மன்னிப்பு உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“குடித்திருந்தான், நிதானத்தில் இல்லை. இல்லாவிட்டால் இப்படிச் செய்திருப்பானா?” குற்றவியல் நீதிமன்ற வராந்தாக்களில் இந்தப் பேச்சு ஓயாது. கைதானவரின் அம்மா இப்படிச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். அடிபட்டவரின் வீட்டாரும் இதையே சொல்லி, கொடுத்திருக்க வேண்டிய புகாரைக் கொடுக்காமல் திரும்பிவிடுவதுதான் வேதனை. குடித்தவனைத் தண்டிக்கச் சட்டத்தில் வழியில்லை என்று உண்மையாகவே நம்புகிறார்கள். வழி இருக்கிறது. இந்தியச் சட்டம் போதையை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

குடித்திருந்தேன் என்று சொன்னால் வழக்கிலிருந்து விடுதலை கிடைக்குமா?

தானாகக் குடித்தவருக்குக் கிடைக்காது. எவ்வளவு குடித்திருந்தாலும் சரி.

எந்தச் சட்டப் பிரிவுகள் இதைப் பற்றிப் பேசுகின்றன?

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24 ஆகிய பிரிவுகள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 85, 86 என்ற எண்களில் இருந்தன. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இப்போதும் பழைய சட்டமே பொருந்தும். அதனால் நீதிமன்றங்களில் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு வகை எண்களும் புழங்கும். இதில் ஒரு குழப்பம் வருகிறது. புதிய சட்டத்தில் 85-ஆம் பிரிவு என்றால் மனைவிக்குக் கணவனோ அவன் உறவினர்களோ இழைக்கும் கொடுமை. பழைய கட்டுரையையும் புதிய எஃப்.ஐ.ஆரையும் அடுத்தடுத்துப் படிப்பவர்கள் ஆண்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. இனிச் சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்கள் எல்லாம் புதிய தண்டனைச் சட்டத்தினுடையவை.

23-ஆம் பிரிவு யாருக்குப் பயன்படும்?

தனக்குத் தெரியாமலோ, தன் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப் பொருள் கொடுக்கப்பட்டவருக்கு மட்டும். குளிர்பானத்தில் கலந்து கொடுத்தார்கள், நாலு பேர் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றினார்கள் என்பது போன்ற நிலை அது. அதுவும் போதாது. செய்யும்போது, தான் என்ன செய்கிறோம் என்பதையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய முடியாத அளவுக்கு நிலை இழந்திருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அது குற்றமே ஆகாது. சாராயம், கஞ்சா, மாத்திரை என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. போதை தரும் எந்தப் பொருளுக்கும் இதே விதிதான்.

தீங்கு செய்யும் நோக்கத்தோடு இப்படிக் கலந்து கொடுப்பதே தனிக் குற்றம். 123-ஆம் பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

நண்பர்கள் வற்புறுத்தித்தான் குடித்தேன். அது விருப்பத்துக்கு மாறாகக் கொடுத்ததாகாதா?

ஆகாது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் முன் 1960-இல் வந்த ஜேதுராம் வழக்கில், வலி தீரட்டும் என்று தகப்பனார் சொன்னதால் குடித்தேன் என்றார் குற்றம் சாட்டப்பட்டவர். அதையே நீதிமன்றம் ஏற்கவில்லை. பெற்றவர் பரிவோடு சொன்னதே செல்லாதபோது, “ஒரு ரவுண்டு போடு” என்ற நண்பரின் வற்புறுத்தல் எங்கே நிற்கும்? கையை நீட்டி டம்ளரை வாங்கினால் அது உங்கள் விருப்பம்தான்.

அப்படியானால் தானாகக் குடித்தவருக்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லையா?

ஓர் இடம் உண்டு. மிகக் குறுகலானது. அதைப் புரிந்துகொள்ள 24-ஆம் பிரிவைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

சில குற்றங்களில் செயல் மட்டும் போதாது. மனத்தில் என்ன இருந்தது என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும். விளைவு தெரிந்திருந்ததா என்பது ஒன்று. அந்த விளைவு நேர வேண்டும் என்ற உள்நோக்கம் இருந்ததா என்பது மற்றொன்று. கூட்டம் நிறைந்த தெருவில் காரை வெறித்தனமாக ஓட்டுபவனுக்கு ஆள் சாகலாம் என்பது தெரியும்; யாரையும் சாகடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இல்லாமல் இருக்கலாம்.

24-ஆம் பிரிவு சொல்வது இது: தானாகக் குடித்தவனுக்கு, குடிக்காமல் இருந்திருந்தால் என்னென்ன தெரிந்திருக்குமோ அத்தனையும் தெரிந்திருந்ததாகவே கொள்ளப்படும். அரிவாளால் கழுத்தில் வெட்டினால் உயிர் போகும் என்று நிதானத்தில் இருக்கும் எவருக்கும் தெரியும். ஆகவே குடித்தவனுக்கும் தெரியும். இதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் உள்நோக்கத்தைப் பற்றி அந்தப் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. குடித்தவனுக்கு இருந்த உள்நோக்கம் என்ன என்பதைச் சம்பவத்தின் சூழ்நிலையிலிருந்துதான் கண்டறிய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் நிற்கக்கூடிய ஒரே இடம் இந்த இடைவெளிதான்.

இதைத் தெளிவுபடுத்திய தீர்ப்பு எது?

பாஸ்தேவ் எதிர் பெப்சு மாநில அரசு. உச்ச நீதிமன்றம் 1956-இல் தந்த தீர்ப்பு. பாட்டியாலாவையும் கிழக்குப் பஞ்சாபின் பழைய சமஸ்தானங்களையும் சேர்த்து அன்று இருந்த மாநிலம்தான் பெப்சு. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற நீதிபதி என். சந்திரசேகர ஐயர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. போதை தொடர்பான வழக்கு என்றால் இன்றும் முதலில் எடுக்கப்படுவது இந்தத் தீர்ப்புதான்.

நடந்தது ஒரு கல்யாண வீட்டில். பாஸ்தேவ் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஜமேதார் (இளநிலை அதிகாரி). 1954 மார்ச்சில் பெண் வீட்டில் மதியச் சாப்பாடு. சிலர் உட்கார்ந்துவிட்டார்கள், சிலர் இன்னும் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். தன் ஊரைச் சேர்ந்த பதினைந்து பதினாறு வயதுச் சிறுவனிடம், சற்றுத் தள்ளி உட்கார் என்றார் பாஸ்தேவ். பையன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை உருவி வயிற்றில் சுட்டுவிட்டார். பையன் பிழைக்கவில்லை. ஒரு பந்தி இடத்துக்காகப் போன உயிர் அது.

அவர் மட்டுமீறிக் குடித்திருந்தார் என்பதைச் சாட்சிகளே ஒப்புக்கொண்டார்கள். நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ஆனால் தானாக நடந்து வந்தார். தனக்கு வேண்டிய இடத்தைத் தானே பார்த்துக்கொண்டார். பையனை நகரச் சொன்னார். சுட்டதும் தப்பியோடப் பார்த்தார். பிடிபட்டதும், தன்னால் இப்படி நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சினார். இவை ஒவ்வொன்றும் நிதானம் முற்றிலும் போகவில்லை என்பதற்குச் சான்றாயின. தான் என்ன செய்கிறோம் என்பதே தெரியாத அளவுக்கு மூளை மழுங்கியிருந்தால் உள்நோக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அந்த அளவுக்குப் போகவில்லை என்றால், தன் செயலின் இயல்பான விளைவை ஒருவர் விரும்பியே செய்தார் என்றுதான் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். கொலைக் குற்றத்துக்கான ஆயுள் தண்டனை உறுதியானது.

எத்தனை கோப்பை குடித்தார் என்ற கணக்கு அந்த வழக்கைத் தீர்மானிக்கவில்லை. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அவருடைய கையும் காலும் வாயும் என்ன செய்தன என்பதே தீர்மானித்தது.

உள்நோக்கம் இல்லை என்று வாதம் வென்றால் என்ன ஆகும்? வெளியே வந்துவிடலாமா?

முடியாது. கொலை என்ற குற்றச்சாட்டு ஒரு படி இறங்கி, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகும். அவ்வளவுதான். கொலைக்கு 103-ஆம் பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள். உள்நோக்கம் இல்லாமல், சாகக்கூடும் என்று தெரிந்து செய்ததற்கு 105-ஆம் பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறை, அபராதம். ஆனால் தெரிந்திருந்ததாகக் கொள்ளப்படும் அறிவே சில சமயம் கொலைக் குற்றத்துக்குப் போதும்: செயல் உயிரைப் பறிப்பது ஏறத்தாழ நிச்சயம் என்ற அளவுக்கு அபாயமானது என்றால், உள்நோக்கம் தனியே தேவையில்லை.

மனைவி மீது மண்ணெண்ணெய் ஊற்றிய வழக்குகளில் தீர்ப்புகள் ஏன் வேறுபடுகின்றன?

மனத்தைப் பிசையும் வழக்குகள் இவை. இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

காளுராம் வழக்கில் (உச்ச நீதிமன்றம், 2000) கணவன் ஏற்கெனவே நன்றாகக் குடித்திருந்தான். மேலும் குடிக்கப் பணம் வேண்டும், நகையைக் கழற்றிக் கொடு என்றான். மனைவி மறுத்தாள். மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தான். தீ மேலெழுந்ததும் பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றி அணைக்கப் பார்த்தான். அந்தப் பெண் இறந்துவிட்டாள். தண்ணீர் ஊற்றிய அந்தப் பதற்றத்தை முக்கியமாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், சாகடிக்கும் உள்நோக்கம் இல்லை என்று சொல்லி, கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மரணமாக மாற்றியது.

சூரஜ் ஜகன்னாத் ஜாதவ் வழக்கிலும் (2019) கணவன் குடித்திருந்தான். மண்ணெண்ணெய் ஊற்றினான். மனைவி தப்பித்து அறையைவிட்டு வெளியேறப் பார்த்தபோது, பின்னாலிருந்து வந்து தீக்குச்சியைக் கொளுத்தி எறிந்தான். பிறகு தண்ணீர் ஊற்றினேன், காளுராமுக்குச் சொன்னது எனக்கும் பொருந்தும் என்று வாதாடினான். நீதிமன்றம் ஏற்கவில்லை. தப்பி ஓடுபவள் மீது தீக்குச்சி எறிபவனுக்கு அதன் விளைவு தெரியாதா? அதிலும், விளைவு நன்றாகத் தெரிந்திருக்கக்கூடிய அளவு போதைதான் அது என்றது. கொலைக் குற்றம் நிலைத்தது.

காளுராம் தீர்ப்பை என்னால் மனதார ஏற்க முடியவில்லை. மண்ணெண்ணெயை எடுத்து வருவதற்கும் தீயைப் பற்றவைப்பதற்கும் இடையில் எத்தனையோ தருணங்களில் நிறுத்தியிருக்கலாம். பின்னால் வந்த பதற்றம் முன்னால் இருந்த நோக்கத்தை அழித்துவிடுமா? பிந்தைய அமர்வுகள் அந்தத் தீர்ப்பை அதன் சூழ்நிலைக்குள்ளேயே சுருக்கி வைத்திருப்பது சரியான திசை என்று கருதுகிறேன்.

எனக்கு எதுவுமே நினைவில்லை. அது போதாதா?

போதாது. காலையில் நினைவில்லாதது வேறு, இரவில் தெரியாமல் செய்தது வேறு. அதிகம் குடிப்பவர்களுக்கு நினைவு பதியாமல் போவது மருத்துவ உண்மை. அந்த நேரத்திலும் அவர்கள் பூட்டைத் திறக்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள், ஆளைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். நீதிமன்றம் பார்ப்பது சம்பவ நேரத்து மனநிலையை.

போதை அளவை யார் நிரூபிக்க வேண்டும்?

குற்றம் சாட்டப்பட்டவர்தான். சட்டத்தில் உள்ள விதிவிலக்கைக் கோருபவரே அதற்கான சூழ்நிலையை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 108-ஆம் பிரிவு. அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஆனால் வெறும் வாய்ப்பேச்சு போதாது. பல வழக்குகளில் விசாரணை முழுவதும் போதையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்துவிட்டு, மேல்முறையீட்டில் முதன்முறையாக இதை எழுப்புகிறார்கள். ஆவணம் ஏதும் இல்லாததால் அது அங்கேயே விழுந்துவிடுகிறது.

மருத்துவச் சான்று எவ்வளவு முக்கியம்?

மிக முக்கியம், அதிலும் நேரம் முக்கியம். ரத்தத்தில் உள்ள மதுவின் அளவு பொதுவாக மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை, 100 மில்லி ரத்தத்துக்கு என்ற கணக்கில், குறைந்துகொண்டே போகும். இரவு பத்து மணிக்கு அடித்தவரை மறுநாள் காலையில் பரிசோதித்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். கைதானவரை மருத்துவரிடம் பரிசோதிக்கக் காவல்துறைக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது.

மருத்துவமனையில் சின்னதாகத் தோன்றும் ஒரு காரியம் பெரிதாகிவிடும். ஊசி போடுமுன் வழக்கமாகத் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட்டில் ஆல்கஹால் இருக்கிறது. மது சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது அதைப் பயன்படுத்தினால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். ரத்தம் நொதிக்காமல் இருக்க சோடியம் புளோரைடு சேர்த்த குப்பியில் வைத்தார்களா என்பது அடுத்த கேள்வி.

வாசனை மட்டும் போதை ஆகாது. “மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை” என்று மருத்துவர்கள் சான்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பச்சுபாய் ஹசன்அலி கரியானி வழக்கில் (1971), வாய் நாற்றம், தள்ளாட்டம், விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் வைத்து, ரத்தமோ சிறுநீரோ சோதிக்காமல் போதை என்று முடிவுகட்ட முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

துணிச்சல் வருவதற்காகவே குடித்துவிட்டுக் கொன்றால்?

அவனுக்குச் சட்டத்தில் எந்த இரக்கமும் இல்லை. வட அயர்லாந்தில் கல்லகர் என்பவர் மனைவியைக் கொல்ல முடிவுசெய்து கத்தி ஒன்றும் விஸ்கி பாட்டில் ஒன்றும் வாங்கினார், குடித்தார், கொன்றார். 1961-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, நிதானத்தில் எடுத்த முடிவை நிறைவேற்றக் குடித்தவன் அந்தப் போதையையே கேடயமாக்க முடியாது என்று தீர்த்தது. நம் நீதிமன்றங்களும் முன்திட்டம் இருந்ததா என்பதைத்தான் முதலில் தேடுகின்றன.

பல ஆண்டுகள் குடித்து மூளையே பாதிக்கப்பட்டிருந்தால்?

அப்போது கேள்வி போதையைப் பற்றியது அல்ல, மனநலத்தைப் பற்றியது. மனநிலை பிறழ்ந்தவரின் செயலைப் பற்றிய 22-ஆம் பிரிவுக்குள் வரும். தொடர்ந்து குடித்தவர் திடீரென நிறுத்தும்போது கை நடுங்கி, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, ஆள் அடையாளமே தெரியாமல் போகும் நிலை உண்டு. அந்த நிலையில் செய்ததை, அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று கேட்காமல், மனநிலை பிறழ்ந்தவரின் செயலாகவே சட்டம் பார்க்கும். சிகிச்சை ஆவணங்கள் வேண்டும். குடிநோய் என்ற பழக்கம் மட்டும் இதில் சேராது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆளைக் கொன்றால் வெறும் விபத்து வழக்குதானே?

அந்தக் காலம் போய்விட்டது. 2006 நவம்பர் 12 அதிகாலை, மும்பை பாந்திராவின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டிய அலிஸ்டர் பரேராவின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 112 மில்லிகிராம் மது இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு அனுமதிக்கும் எல்லை 30. கவனக்குறைவு என்ற சிறு குற்றத்தோடு விட்டுவிடாமல், சாகக்கூடும் என்று தெரிந்தே செய்த மரணம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இங்கே போதை தண்டனையைக் குறைக்கவில்லை, குற்றத்தைப் பெரிதாக்கியது. தண்டனை மூன்று ஆண்டுதான். ஏழு உயிருக்கு அது குறைவு என்று நீதிமன்றமே தயங்காமல் சொன்னது.

யாருக்கும் காயமில்லாமல் பிடிபட்டாலே முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பாலியல் குற்றங்களில் போதை வாதம் எடுபடுமா?

எடுபடாது. அதற்கு மாறாக, நிலை புரியாத அளவுக்குப் போதையில் இருந்த பெண்ணின் சம்மதம் சம்மதமே அல்ல என்கிறது சட்டம். தான் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று புரியாத நிலையில் தலையாட்டினாலும் 28, 63 பிரிவுகளின்படி அது செல்லாது. “அவளும் குடித்திருந்தாள்” என்ற பேச்சு குற்றவாளிக்கு எதிராகத்தான் திரும்பும்.

அரசே டாஸ்மாக் கடையில் விற்கிறது. பிறகு குடித்தவனை மட்டும் தண்டிப்பது நியாயமா?

மதுக் கொள்கையைப் பற்றிய நியாயமான கோபம் அது. ஆனால் நீதிமன்றத்தில் தற்காப்பு ஆகாது. குடிக்காத தெருக்காரரை வெட்ட எந்த உரிமமும் கொடுக்கப்படவில்லை.

மற்ற நாடுகளில்?

நம் தமிழர்கள் அதிகம் வாழும் சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் தண்டனைச் சட்டங்கள் நம்முடையதிலிருந்து பிறந்தவை. பிரிவு எண்களும் 85, 86-தான். ஆனால் உள்நோக்கம் இருந்ததா என்று பார்க்கும்போது போதையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அங்கே சட்டமே எழுதிவைத்திருக்கிறது. கனடா ஊசலாடியது: அளவுகடந்த போதையை 1994-இல் உச்ச நீதிமன்றம் தற்காப்பாக ஏற்றது, 1995-இல் நாடாளுமன்றம் தடுத்தது, 2022 மே மாதம் அந்தத் தடையை நீதிமன்றம் நீக்கியது, அடுத்த மாதமே நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது.

குடித்தவன் என்னைத் தாக்க வந்தால் திருப்பி அடிக்கலாமா?

அடிக்கலாம், தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு. தாக்க வருபவன் போதையில் இருப்பதால் அவன் செயல் குற்றமாகாமல் போனாலும் உங்கள் தற்காப்பு உரிமை குறையாது என்று 36-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது.

கணவர் தினமும் குடித்துவிட்டு அடிக்கிறார். காலையில் காலில் விழுந்து அழுகிறார். புகார் கொடுத்தால், போதையில் செய்தது என்று விட்டுவிடுவார்களா?

விட்டுவிடச் சட்டத்தில் இடமில்லை. போதையில் அடித்ததும் அடித்ததுதான். 85-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் “குடித்தால்தான் இப்படி, மற்றபடி நல்லவர்தானே, சமாதானமாகப் போங்கள்” என்று சொன்னால், அது அவர்கள் யோசனை. நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. எழுத்தில் புகார் கொடுத்து ரசீது கேளுங்கள்.

சிறைக்கு அனுப்ப மனம் வரவில்லை, அடி மட்டும் நிற்க வேண்டும் என்பதே பெரும்பாலான பெண்களின் நிலை. அதற்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணை தரலாம். தேவைப்பட்டால் கணவரை வீட்டைவிட்டு வெளியேறவும் சொல்லலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடிபட்ட அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, யார் அடித்தார்கள் என்பதை மருத்துவரிடம் பெயர் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். “கீழே விழுந்துவிட்டேன்” என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வரி பின்னால் வழக்கையே கெடுத்துவிடும். நள்ளிரவாக இருந்தாலும் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.